இப்னு கல்தூன்: ஆட்சி ஏன் சரிகிறது என்று ஆராய்ந்த காதி

உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் பிள்ளைகளிடம் இப்னு கல்தூன் யார் என்று கேட்டால், சமூகவியலின் தந்தை, முகத்திமாவை எழுதியவர் என்று உடனே பதில் வரும். விடைத்தாளுக்கு அது போதும். அவர் ஏன் அப்படியொரு நூலை எழுத நேர்ந்தது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். நல்லாட்சி, ஊழல் ஒழிப்பு, முறைமை மாற்றம் என்ற சொற்கள் இன்று நம் நாட்டில் தேநீர்க்கடை வரை பேசப்படுகின்றன. அரசு எப்படி எழுகிறது, எப்படிக் கெடுகிறது என்பதை 14ஆம் நூற்றாண்டிலேயே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட ஒருவரின் வாழ்வை ஒரு வரி விடையோடு முடித்துக்கொள்வது நியாயமாகாது.

அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் ஹிஜ்ரி 732 ரமழான் முதல் பிறையில், அதாவது 1332 மே மாதத்தில், தூனிஸ் நகரில் பிறந்தார். யெமனின் ஹழ்ரமௌத் பகுதியை மூலமாகக் கொண்ட அவரது குடும்பம், பல தலைமுறைகள் அந்தலூஸின் இஷ்பீலியாவில் செல்வாக்கோடு வாழ்ந்தது. கிறிஸ்தவப் படைகள் அந்த நகரைக் கைப்பற்றவிருந்த வேளையில் அது வட ஆபிரிக்காவுக்கு இடம்பெயர்ந்தது. இழந்த ஊரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். குர்ஆனை மனனம் செய்தார். ஹதீஸ், மாலிக்கி பிக்ஹு, அரபு இலக்கியம், தர்க்கம், கணிதம் என்று கற்றார். 1348, 1349 காலப்பகுதியில் கொள்ளைநோய் தூனிஸைத் தாக்கியது. அதில் தாயையும் தந்தையையும் ஆசிரியர்கள் பலரையும் இழந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு.

இருபது வயதை எட்டும் முன்பே அரச பணி கிடைத்தது. சுல்தானின் ஆவணங்களில் அரச முத்திரை வாசகத்தை அழகாக எழுதும் வேலை. அங்கிருந்து மொரோக்கோவின் பாஸ் நகர அரசவைக்குப் போனார். சதியில் பங்கேற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1357 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தார். சுல்தான் இறந்த பிறகே விடுதலை கிடைத்தது. 1362இல் கிரனாடா சென்றார். இரண்டு ஆண்டுகளின் பின், கிரனாடாவின் தூதராக இஷ்பீலியாவில் இருந்த காஸ்டில் மன்னர் பெட்ரோவைச் சந்தித்தார். தன்னோடு தங்கிவிட்டால் அவருடைய முன்னோரின் சொத்துகளைத் திருப்பித் தருவதாக மன்னர் சொன்னார். இப்னு கல்தூன் மரியாதையாக மறுத்துவிட்டுத் திரும்பினார்.

அடுத்து இன்றைய அல்ஜீரியாவின் கரையோர நகரான பிஜாயாவில் ஆட்சியாளருக்கு அடுத்த நிலையில் இருந்த ஹாஜிப் பதவி. காலையில் அரச நிர்வாகம், அதன் பின் பள்ளிவாசலில் பாடம். அரசுக்குப் பணம் தேவைப்பட்டபோது மலைவாழ் பர்பர் கோத்திரங்களிடம் படையோடு சென்று வரி வாங்கி வந்ததும் அவர்தான். ஏறத்தாழ ஓராண்டில் அந்த ஆட்சியாளர் தன் சொந்த உறவினராலேயே கொல்லப்பட்டார். நகரை வெற்றி பெற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு இப்னு கல்தூன் வெளியேறினார். அதன் பின்னரும் பல ஆண்டுகள் ஓர் அரசிலிருந்து இன்னோர் அரசுக்கு மாறிக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் அவர் தன் வாழ்க்கை வரலாற்றில் தானே எழுதி வைத்திருக்கிறார். அவரை மாசற்ற மனிதராகக் காட்ட நாம் சிரமப்பட வேண்டியதில்லை. கட்சி மாறினார், சூழ்ச்சிகளில் கலந்துகொண்டார், பதவியை விரும்பினார். பின்னாளில் அவர் ஆராய்ந்த நோயை உள்ளேயிருந்து பார்த்தவர் அவர்.

1375இல் களைத்துப்போன மனிதராக, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள கல்அத் இப்னு ஸலாமா என்ற கோட்டைக்குக் குடும்பத்தோடு சென்று ஒதுங்கினார். அவருடைய நண்பரும் கிரனாடாவின் புகழ்பெற்ற அமைச்சருமான இப்னுல் கதீப் பாஸ் நகரச் சிறையில் கொல்லப்பட்டு அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அந்தக் கோட்டையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இருந்தார். 1377இல் ஐந்து மாதங்களில் முகத்திமாவின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். கிதாபுல் இபர் என்ற பெரிய வரலாற்று நூலுக்கு அது முன்னுரை.

அதில் அவர் முதலில் கைவைத்தது வரலாறு எழுதும் முறையில்தான். ஒரு செய்தியைச் சொன்னவர் பெரியவர் என்பதற்காக அதை ஏற்கக் கூடாது, அது நடக்கக் கூடியதா என்று பார்க்க வேண்டும் என்றார். மூஸா நபியின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்ததாக முன்னைய வரலாற்றாசிரியர்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேரை எந்த நிலம் தாங்கும், எந்தக் களத்தில் அணிவகுக்க முடியும் என்று கணக்குப் பார்த்தார். வட்ஸ்அப்பில் வரும் எதையும் அடுத்த நிமிடமே அனுப்பிவிடும் நமக்கு இது இன்றும் தேவையான பாடம்.

பிறகு அரசுக்கு வந்தார். ஒரு கூட்டத்தாரை ஒன்றாக நிறுத்தும் பிணைப்பை அஸபிய்யா என்றார். அந்தப் பிணைப்பே அரசை உருவாக்குகிறது. ஆட்சி கைக்கு வந்ததும் சுகபோகம் வருகிறது. சுகபோகம் பிணைப்பைத் தின்றுவிடுகிறது. பொதுவாக மூன்று தலைமுறைக்குள், சுமார் 120 ஆண்டுகளில், ஓர் அரச வம்சம் முதுமையடைந்துவிடுகிறது என்று கணித்தார்.

வரி பற்றி அவர் எழுதிய பகுதியைப் பொருளியல் அறிஞர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். ஆட்சியின் தொடக்கத்தில் வரி குறைவு, வருமானம் அதிகம். உழைத்தால் கையில் ஏதாவது மிஞ்சும் என்ற நம்பிக்கையில் மக்கள் நிலத்தைத் திருத்துகிறார்கள், வியாபாரம் செய்கிறார்கள். அரண்மனைச் செலவு கூடக் கூட வரியும் கூடுகிறது. சந்தைக்கும் நகர வாயிலுக்கும் புதுப்புது வரிகள் வருகின்றன. உழைப்பில் பயனில்லை என்று மக்கள் கையை எடுத்துவிடுகிறார்கள். வருமானம் விழுகிறது. அதை ஈடுகட்ட ஆட்சியாளர் மேலும் வரி போடுகிறார். அதுவும் போதாமல் தானே வியாபாரத்தில் இறங்கி, போட்டியிட முடியாத குடிமக்களை நசுக்குகிறார். அநியாயம் என்பது ஒருவரின் சொத்தைப் பறிப்பது மட்டுமல்ல. கூலியின்றி வேலை வாங்குவதும், உரிமையைத் தடுப்பதும், ஷரீஅத் விதிக்காத வரியைச் சுமத்துவதும் அநியாயமே என்று விரித்துச் சொன்னார். அதன் முடிவு நாட்டின் அழிவு என்பது அவர் தீர்ப்பு. மலைக் கோத்திரங்களிடம் வரி வாங்கப் போனவர் எழுதிய தீர்ப்பு இது.

ஆசிரியர் என்ற முறையில் என்னை நிறுத்தி வைத்த ஒரு பகுதியும் முகத்திமாவில் உண்டு. மாணவரை அடக்கி அடித்து வளர்த்தால், அவர் தண்டனைக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் பழகுவார், தன்மானத்தை இழப்பார் என்கிறார். அடுத்து, கொடுங்கோலின் கீழ் வாழும் சமூகங்களுக்கும் இதுவே நேர்கிறது என்கிறார். வகுப்பறையையும் அரசையும் அவர் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறார்.

எழுதியதோடு நின்றிருந்தால் அவர் வெறும் நூலாசிரியர். 1382இல் ஹஜ்ஜை முன்னிட்டு தூனிஸை விட்டுப் புறப்பட்டவர் கெய்ரோவை அடைந்து, அல் அஸ்ஹரில் பாடம் நடத்தினார். 1384இல் மம்லூக் சுல்தான் பர்கூக் அவரை மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காதியாக நியமித்தார். அந்த நீதிமன்றத்தில் விலைபோன சாட்சிகள் இருந்தார்கள். வக்பு சொத்துகளை விழுங்குவதற்கு ஆவணங்களில் ஓட்டை தேடிக் கொடுக்கும் எழுத்தர்கள் இருந்தார்கள். தகுதியில்லாமல் ஒன்றுக்கொன்று முரணாக பத்வா கொடுப்பவர்களும் இருந்தார்கள். அவர் சாட்சிகளைத் தரம் பிரித்தார், குற்றவாளிகளைத் தண்டித்தார், பெரிய மனிதர்களின் சிபாரிசை ஏற்க மறுத்தார். எதிரிகள் திரண்டார்கள். வெளிநாட்டவர், எகிப்தின் நடைமுறை தெரியாதவர் என்று பழி சொன்னார்கள். அதே காலத்தில் தூனிஸிலிருந்து அவருடைய குடும்பத்தினர் வந்த கப்பல் கடலில் மூழ்கியது. துயரம் ஒருபக்கம், எதிர்ப்பு மறுபக்கம். ஓராண்டுக்குள் பதவி போனது.

1387இல் ஹஜ் செய்தார். 1399இல் மீண்டும் காதியாக அழைக்கப்பட்டார். மீண்டும் நீக்கப்பட்டார். இப்படி மொத்தம் ஆறு முறை அந்த ஆசனத்தில் அமர்ந்தார். இடையில் 1401இல் தைமூரின் படை டமஸ்கஸை முற்றுகையிட்டிருந்த வேளையில், கயிற்றின் மூலம் நகர மதிலிலிருந்து இறங்கிச் சென்று அவரைச் சந்தித்தார். தைமூர் கேட்டபடி மக்ரிப் நாடுகள் பற்றி ஒரு விவரணமும் எழுதிக் கொடுத்தார். அது சரியா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஹிஜ்ரி 808 ரமழானில், 1406 மார்ச்சில், ஆறாவது முறை காதியாக இருந்தபோதே கெய்ரோவில் வபாத்தானார். ரமழானில் பிறந்தவர் ரமழானிலேயே அல்லாஹ்விடம் மீண்டார்.

அரசுகள் முதுமையடைவதைத் தடுப்பது மிகக் கடினம் என்று எழுதியவர் அவர். அப்படியிருந்தும் தன் பொறுப்பிலிருந்த ஒரு நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சியை அனுமதிக்க மறுத்தார். நீக்கப்பட்ட பிறகும் அழைத்தபோது திரும்பப் போனார். நாட்டைத் திருத்துவது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நம் பள்ளிவாசல் நிர்வாக சபையின் கணக்கும், ஊரின் வக்பு சொத்தும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பும் நம் கையில்தான் இருக்கின்றன. நாட்டைப் பற்றிப் பேசுமுன் அவற்றை ஒருமுறை திறந்து பார்ப்போம்.