வக்கீல் அங்கியைக் கழற்றியவர்!

திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியை அறியாதார் யார்? அந்த மிஷனில் ஊழியம் செய்தவர்தான் சக்கரைச் செட்டியார்.

1880-ல் பிறந்த இவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். 1903-ல் கிறிஸ்தவர் ஆனார். வக்கீலாகத் தொழில் நடத்தினார். 1913-ல் அதை விட்டுவிட்டு, மிஷனில் பிரசங்கியாகச் சேர்ந்தார்.

கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் பக்கமே நிற்பார்கள் என்று பலர் எண்ணிய காலம் அது. சக்கரையோ காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்தார்! ஏசுவை அவதாரமாகக் கண்டு நூல் எழுதினார். தொழிலாளர் சங்கங்களுக்காக உழைத்தார்.

1941-ல் சென்னை மேயர் பதவி அவரைத் தேடி வந்தது. சட்ட மேல்சபையிலும் அமர்ந்தார். ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கத்தின் அகில இந்தியத் தலைவரானார். 1958-ல் மறைந்தார்.

மதம் மாறினார், பிறந்த மண்ணை மறக்கவில்லை!