வேலு நாச்சியாரும் உள்ளத்தின் புண்ணும்

நமது திண்டுக்கல் மலைக்கோட்டையை அறியாத மாணவர் நம்முள் இலர். ஆயின், அதனோடு தொடர்புற்ற ஓர் அரசியாரின் துயர வரலாற்றை நினைப்பவர் சிலரே. போரில் உடம்பு பெறும் புண்ணைப் பலரும் காண்பர். உள்ளம் பெறும் புண்ணைக் காண்பார் அரியர். அவ்வுட்புண்ணைக் குறித்துச் சிந்திக்க வேலு நாச்சியாரின் சரித்திரம் நமக்குத் துணைபுரிகின்றது.

இராமநாதபுரம் சேதுபதி மரபில் 1730-ஆம் ஆண்டிற் பிறந்த இவ்வம்மையார், இளமையிலேயே படைக்கலப் பயிற்சி பெற்று, சிவகங்கைச் சீமை முத்துவடுகநாதத் தேவருக்கு வாழ்க்கைப்பட்டார். 1772-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நவாபின் படையும் கும்பினிப் படையும் சேர்ந்து காளையார்கோயிலைத் தாக்க, மன்னர் அங்கே மாண்டார். கணவரையும் நாட்டையும் ஒருங்கே இழந்த அரசியார், தம் புதல்வி வெள்ளச்சியுடன் நம் ஊர்ப்பக்கம் வந்து, விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார்.

இத்தகைய பேரதிர்ச்சி மனிதர் உள்ளத்தை என்ன செய்யும்? உறக்கங் கெடும், கொடுங்கனவு வரும், நடந்தது மீண்டும் கண்முன் நடப்பதுபோலத் தோன்றும், சிற்றோசைக்கும் நெஞ்சு திடுக்கிடும். முதல் உலகப்போர் வீரரிடம் இக்குறிகளைக் கண்டு, கோழைமை என்று இகழ்ந்தாரும் உளர். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைத் தனி நோயாக வகுத்தது. இக்குறிகள் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து வாழ்வைக் குலைக்குமாயின், அது மருத்துவம் வேண்டும் நோயாம். எனினும், அதிர்ச்சியுற்றார் அனைவரும் நோயுறுவதில்லை. அச்சமற்ற இடமும், உற்றார் ஆதரவும், செய்தற்குரிய ஒரு கடமையும் மனத்தை மீட்கப் பெரிதும் உதவுகின்றன.

நாச்சியார்க்கு இம்மூன்றும் வாய்த்தன. விருப்பாட்சி இடந்தந்தது. அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் உடனிருந்தனர். நாட்டை மீட்டல் கடமையாயிற்று. 1772 டிசம்பரில் தாண்டவராய பிள்ளை, 5,000 குதிரை வீரரும் 5,000 காலாட்களும் வேண்டி ஐதர் அலிக்கு ஓலை விடுத்தார். அந்நாளில் திண்டுக்கல் கோட்டை ஐதரின் ஆட்சியில் இருந்தது. எட்டாண்டுகள் காத்திருந்து, 1780-இல் அரசியார் சிவகங்கையை மீட்டார்.

மீண்டவர் இழப்பை மறந்தாரல்லர். தாம் சென்ற வழியைக் காட்ட மறுத்து உயிர்நீத்த உடையாள் என்னும் பெண்ணுக்காகக் கொல்லங்குடியில் தம் தாலியையே காணிக்கையாக்கினார் என்று மரபு கூறும். துயருக்கு ஓர் இடமளித்து வணங்கிய செயல் அது. 1796-இல் அவர் மறைந்தார்.

வீரர் துயருறார் என்பது பிழை; துயரைத் தனித்தே சுமத்தல் வேண்டும் என்பதும் பிழை. நம்முடன் பயிலும் ஒருவர் வெள்ளத்தாலோ விபத்தாலோ மரணத்தாலோ கலங்கி வாயடைத்திருப்பாராயின், மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று கூறிக் கடந்து செல்லாதிருப்போமாக. அருகமர்ந்து, அவர் சொல்வதைச் சொல்லுமளவு கேட்டு, வேண்டுமாயின் மருத்துவரிடம் உடன் செல்வோமாக. 2022 முதல் அரசு நடத்தும் 14416 என்னும் தொலைபேசி உதவியும் உண்டு. ஒருவர்க்கு விருப்பாட்சியாக அமைவது நம் அனைவர்க்கும் இயலும்.