யார் இந்த கரிவரதன்? ரேஸ் கார் கனவை எட்டும் தூரத்துக்குக் கொண்டு வந்த கோவைக்காரரின் கதை!

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' ரேஸ் டிராக் பற்றி கேள்விப்பட்டிருப்பீங்க. ஈரோடு, திருப்பூரிலிருந்து பைக்கில் கிளம்பினால் போய் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான். அந்தப் பெயரில் இருக்கும் 'கரி' என்பது என்ன? அடுப்புக்கரியா, யானையா? ரெண்டும் கிடையாது. அது ஒரு மனிதரின் பெயர். எஸ். கரிவரதன். கார் பந்தய உலகம் அவரைச் செல்லமாகக் கூப்பிட்டது 'கரி'.

மில் குடும்பத்துப் பையன்

1954ல் பிறந்தவர் கரிவரதன். குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். கோவையில் இந்தக் குடும்பத்தைத் தெரியாதவர்கள் குறைவு. நினைத்திருந்தால் மில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குப் பிடித்தது எஞ்சினும் வேகமும்.

சோழவரம்: ரன்வேயில் நடந்த ரேஸ்

அந்தக் காலத்தில் இந்தியாவில் ரேஸுக்கென்று கட்டிய டிராக்குகள் அபூர்வம். சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து பழைய விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பந்தயங்களை நடத்தியது. கூட்டம் அலைமோதும். தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகள், ராஜ குடும்பத்தினர் என்று பணம் உள்ளவர்கள் வெளிநாட்டு ரேஸ் கார்களோடு வந்து இறங்குவார்கள். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஃபியட், ஹெரால்டு மாதிரி ரோட்டில் ஓடும் கார்களின் எஞ்சினைக் கழற்றி, தாங்களே ஒரு ரேஸ் காரைக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

கரிவரதன் அங்கே ஓட்டி ஜெயித்தவர். ஓட்டுவதோடு நிற்காமல், காரை வடிவமைத்துக் கட்டவும் செய்தார். அவர் உருவாக்கிய 'சூப்பர் ஸ்பீட்ஸ்' அணி கோவையின் அடையாளமாகவே ஆனது. லேத், ஃபவுண்டரி, பம்ப்செட், நூற்பாலை இயந்திரம் என்று எதையும் உள்ளூரிலேயே செய்து பார்க்கும் ஊர் கோவை. அந்தக் கைப்பழக்கம் ரேஸ் கார் கட்டவும் உதவியது.

பிரச்னை எங்கே இருந்தது?

பணத்தில்! வெளிநாட்டு ரேஸ் காரை வாங்கும் விலை ஒரு பக்கம், இறக்குமதி வரி இன்னொரு பக்கம். ஒரு பாகம் உடைந்தால் அதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எவ்வளவு திறமை இருந்தாலும் நடுத்தர வீட்டுப் பையன் வேலிக்கு வெளியே நின்று கைதட்டத்தான் முடியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆளுக்கொரு கார் என்றால், ஜெயிப்பது டிரைவரா, காரா என்றே தெரியாது. திறமைசாலியைக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் வேண்டும்.

ஃபார்முலா மாருதி

1983 டிசம்பரில் மாருதி 800 ரோட்டுக்கு வந்தது. சில வருடங்களில் அதன் உதிரி பாகங்கள் ஊர் ஊராகக் கிடைக்க ஆரம்பித்தன. கரிவரதனின் கணக்கு இங்கேதான் வேலை செய்தது. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, எடை குறைந்த ஒற்றை இருக்கை ரேஸ் காரில் பொருத்தினார். எஞ்சின் சின்னதுதான். ஆனால் காரின் எடையும் குறைவு என்பதால் புதிதாக ஓட்ட வருபவருக்கு அந்த வேகம் தாராளம்.

1988ல் 'ஃபார்முலா மாருதி' அறிமுகமானது. எல்லோருக்கும் ஒரே வகை கார், ஒரே எஞ்சின். செலவு குறைந்தது. கார் வித்தியாசம் போனதால் ஓட்டுபவரின் திறமை பளிச்சென்று தெரிந்தது. 1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்த பிறகு, இந்தக் கார்களுக்கு சரியான களமும் கிடைத்தது.

அந்தக் காரில் ஏறிய பையன்

கோவையைச் சேர்ந்த ராலி வீரர் ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன். அவர் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். அதிலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். பிறகு பிரான்சில் பயிற்சி, திரும்பி வந்து 1993ல் மறுபடியும் ஃபார்முலா மாருதி, அடுத்து பிரிட்டன் பந்தயங்கள் என்று படிப்படியாக மேலே போனார். 2005 மார்ச்சில் ஜோர்டன் அணிக்காக ஆஸ்திரேலியாவில் களமிறங்கி, ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010ல் ஃபார்முலா 1க்குப் போன இரண்டாவது இந்தியர் சென்னையின் கருண் சந்தோக். அவரும் ஃபார்முலா மாருதியில் ஓட்டி வந்தவர்தான்.

அவர் பார்க்காமல் போனது

இவர்கள் ஃபார்முலா 1 வரை போனதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995 ஆகஸ்டில் வான் விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயசுதான். நரேன் ஃபார்முலா 1 பந்தயத்தில் களமிறங்க அதன் பிறகு கிட்டத்தட்ட பத்து வருடம் ஆனது.

கோவை அவரை மறக்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் செட்டிபாளையத்தில் டிராக் கட்டியபோது அவர் பெயரையே வைத்தார்கள். மாருதி எஞ்சினில் ரேஸ் கார் கட்டும் பழக்கமும் அவரோடு முடியவில்லை. பின்னால் கோவையிலிருந்து வந்த எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்களும் அதே வழியில் உருவானவைதான். தேசிய பந்தயங்களில் புதிய டிரைவர்கள் பலர் முதலில் ஏறி உட்கார்ந்தது அந்தக் கார்களில்தான்.