கணக்குக் கேட்ட கோகலே

கோபால கிருஷ்ண கோகலே காலஞ்சென்று நூறு வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. அவர் பெயரைக் கேட்டதும் மிதவாதி என்ற சொல்லொன்றே பலருக்கு நினைவு வருகிறது. காந்தியடிகள் அவரைத் தமது அரசியல் குருவாகக் கொண்டார் என்பது அதற்கடுத்தபடி. ஆனால் அவர் தமது உயிரைத் தேய்த்த வேலை இன்னதென்று சொல்லக்கூடியவர் சிலரே. பட்டாளத்துக்கு எவ்வளவு செலவாகிறது, போலீஸாருக்கு எவ்வளவு அதிகாரம் போகிறது, பெரிய உத்தியோகங்களில் இந்தியர் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளை, செலவின்மேல் வோட்டுப் போடும் உரிமையே இல்லாத ஒரு சபையில் உட்கார்ந்துகொண்டு, பல வருஷ காலம் அவர் விடாமல் கேட்டு வந்தார். அவ்வேலையைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறோம்.

1866-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி ரத்னகிரி ஜில்லாவில் கோத்லுக் என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் கோல்ஹாப்பூருக்கு அருகிலுள்ள காகல் சமஸ்தானத்தில் குமாஸ்தாவாயிருந்து பின்னர் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரானவர். 1879-ல் அவர் இறந்தபோது பையனுக்கு வயது பதின்மூன்று. தமையனார் கோவிந்தராவ் படிப்பை நிறுத்திவிட்டு மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் அமர்ந்து, அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பி வந்தார். அந்த எட்டு ரூபாயில் எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்கத் தெரு விளக்கடியில் உட்கார்ந்து படித்த பிள்ளைதான், பின்னாளில் ஒரு சாம்ராஜ்யத்தின் வரவு செலவைப் பைசா பைசாவாக எண்ணிக் காட்டினார். வரியாகப் போகும் ஒரு ரூபாய் ஏழை வீட்டில் என்ன பொருள் பெறும் என்பதை அவர் புஸ்தகத்தில் கற்றுக்கொண்டவரல்லர்.

1884-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் பி.ஏ. தேறினார். அந்நாளில் அப்பட்டத்துக்கு உத்தியோகம் காத்திருந்தது. அவரோ புனாவில் நியூ இங்கிலீஷ் ஸ்கூலில் 35 ரூபாய்க்கு உபாத்தியாயரானார். பிறகு டெக்கான் கல்விச் சங்கத்தில் சேர்ந்து, மாதம் 75 ரூபாய்க்கு இருபது வருஷம் உழைப்பதென்று பிரதிக்ஞை செய்துகொண்டார். பெர்கூஸன் கலாசாலையில் கணிதமும் சரித்திரமும் பொருளாதாரமும் போதித்தார். அவர் எழுதிய அங்க கணிதப் புஸ்தகம் பள்ளிக்கூடங்களில் வெகு காலம் வழங்கிற்று.

அவரைக் கணக்கு வாத்தியாராகவே நிற்க விடாமல் தேசத்தின் கணக்குக்கு இழுத்தவர் மகாதேவ கோவிந்த ரானடே. 1887 முதல் ரானடேயின் காலடியில் அவர் பெற்ற பயிற்சி மிகக் கடுமையானது. சர்க்கார் அறிக்கைகளையும் நீலப் புஸ்தகங்களையும் கட்டுக் கட்டாகப் படிக்கவேண்டும். அவற்றிலிருந்து சாரமெடுத்துப் புனா ஸார்வஜனிக சபையின் பெயரால் விண்ணப்பங்கள் வரையவேண்டும். பக்கம் பக்கமாக எழுதிய விண்ணப்பத்துக்கு சர்க்காரிடமிருந்து இரண்டு வரி ரசீது வந்து சேரும். இந்த வீண் உழைப்பு எதற்கென்று சிஷ்யர் ஒருநாள் மனம் சலித்துக்கொண்டபோது, விண்ணப்பத்தின் மேல்விலாசம்தான் சர்க்காருக்கு, உள்ளிருப்பது நம்முடைய ஜனங்கள் படித்துச் சிந்திப்பதற்கு என்ற கருத்தில் குரு விளக்கம் சொன்னார். கோகலே பிற்காலத்தில் சட்ட நிரூபண சபையில் செய்த பட்ஜெட் பிரசங்கங்கள் யாவும் இந்த ஒரு பாடத்தின் விரிவுரைகளென்றே சொல்லலாம்.

இந்தியாவின் செலவுகளை விசாரிக்க வெல்பி பிரபுவின் தலைமையில் 1895-ல் ஒரு ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. தாதாபாய் நௌரோஜி அதில் ஓர் அங்கத்தினர். 1897-ல் அதன்முன் சாக்ஷியம் சொல்லச் சீமைக்குச் சென்றவர்கள் நால்வர்: பம்பாயிலிருந்து வாச்சா, வங்காளத்திலிருந்து சுரேந்திரநாத் பானர்ஜி, சென்னையிலிருந்து சுதேசமித்திரனை ஸ்தாபித்த ஜி. சுப்பிரமணிய ஐயர், புனாவிலிருந்து கோகலே. நால்வரிலும் இளையவர் கோகலே, வயது முப்பது. இந்தியாவின் எல்லைக்கு அப்பால் நடக்கும் யுத்தங்களின் செலவு இந்தியாவின் தலையில் விழுவது நியாயமா, செலவுக்கு யார் யாருக்கு ஜவாப்தாரி என்ற விஷயங்களில் கமிஷனர்களின் குறுக்குக் கேள்விகளுக்கு அவர் தடுமாறாமல் புள்ளிவிவரத்தோடு விடையளித்தார்.

அந்தப் பிரயாணமே அவருக்குப் பெரிய அவமானத்தையும் கொண்டுவந்தது. புனாவில் பிளேக் தடுப்பு வேலைக்கு ஏவப்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் வீடுகளில் புகுந்து பெண்களையும் அவமதித்ததாக நண்பர்கள் எழுதிய கடிதங்களை நம்பி, அவர் சீமைப் பத்திரிகையில் அச்செய்தியை வெளியிட்டார். ஊர் திரும்பியபோது அதை ருஜுப்படுத்த யாரும் முன்வரவில்லை. கடிதம் எழுதியவர்களின் பெயரை வெளியிட்டால் அவர்கள் தண்டனைக்குள்ளாவார்கள். வெளியிடாவிட்டால் தாம் பொய்யராவார். அவர் பெயர்களை மறைத்துத் தாமே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தேசபக்தர் பலர் அவரைக் கோழையென்று இகழ்ந்தார்கள். சிப்பாய்களின் நடத்தையைப் பற்றிப் புனா ஜனங்களின் புகார்கள் ஆதாரமற்றவையென்று நாம் கொள்ளவில்லை. ஆயினும் ஆயுதம் தாங்கிய இலாகாவைக் குற்றம் சாட்டுகிறவன் அத்தாட்சியைக் கையில் வைத்துக்கொண்டே வாயைத் திறக்கவேண்டும் என்னும் படிப்பினை அவருள் ஆழப் பதிந்தது. அதன்பின் அவர் சர்க்கார்மீது தொடுத்த வாதங்களுக்கு ஆயுதம் பெரும்பாலும் சர்க்காரின் சொந்தக் கணக்குகளே.

1899-ல் பம்பாய் சட்டசபையிலும், பெரோஸ்ஷா மேத்தா விட்டு விலகிய ஸ்தானத்துக்கு 1901-ல் வைஸ்ராயின் சட்ட நிரூபண சபையிலும் அவர் அங்கத்தினரானார். அந்தச் சபையின் லட்சணத்தை நேயர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். 1892-ம் வருஷச் சட்டப்படி பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம். ஒரு ரூபாயைக் குறைக்கும்படி தீர்மானம் கொண்டுவரலாகாது. வோட்டு எடுப்பதென்பதே கிடையாது. கேள்வி கேட்கலாம், விடை வந்தபின் உபகேள்வி கேட்கலாகாது. எண்ணிக்கையில் உத்தியோகஸ்தர்களே மிகுதி. எல்லாம் முடிவாகிவிட்ட பிறகு, வருஷத்துக்கு ஒரு நாள் மனத்திலுள்ளதைக் கொட்டிவிட்டுப் போகலாம், அவ்வளவே.

1902 மார்ச் 26-ந் தேதி அவர் செய்த முதல் பட்ஜெட் பிரசங்கம் அச்சபைக்குப் புதுமையாயிருந்தது. அவ்வருஷம் சுமார் ஏழு கோடி ரூபாய் உபரி என்று நிதி மந்திரி மகிழ்ச்சியோடு அறிவித்திருந்தார். கோகலே அந்த மகிழ்ச்சியில் கலந்துகொள்ள மறுத்தார். 1899-1900 பெரும் பஞ்சத்தில் மாண்டவர்களின் சாம்பல் ஆறாத தேசத்தில் கஜானா நிரம்பி வழிவது எப்படி? நாணய ஏற்பாட்டினால் ரூபாயின் மதிப்பு 13 பென்ஸிலிருந்து 16 பென்ஸுக்கு உயர்த்தப்பட்டது. சீமைக்கு ஆண்டுதோறும் அனுப்பவேண்டிய பவுன்களுக்கு முன்னைவிட நாலைந்து கோடி ரூபாய் குறைவாகவே தேவைப்பட்டது. ரூபாய் விழுந்த காலத்தில் நஷ்டத்தை ஈடுகட்டவென்று ஏற்றிய வரிகளோ இறக்கப்படவில்லை. ஆகவே அந்த உபரி செழிப்பின் அடையாளமன்று, தேவைக்குமேல் பிடுங்கிய வரி என்று அவர் நிரூபித்தார். உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருப்பதால் ஏழைகள் உப்பையே குறைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார். 1903-ல் அவ்வரி 2 ரூபாயாகவும், 1905-ல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-ல் ஒரு ரூபாயாகவும் இறங்கிற்று. ஐந்நூறு ரூபாய் வருமானத்திலிருந்து விதிக்கப்பட்ட வருமானவரி 1903 முதல் ஆயிரத்துக்கு மேலென்றாயிற்று. இவையெல்லாம் கோகலே ஒருவராலேயே விளைந்தன என்று சொல்வது மிகையாகும். ஆனால் அவர் வாதத்துக்கு நேரான பதில் சர்க்காரிடம் இருக்கவில்லை.

உபரிப் பணம் எங்கே போகிறதென்று தேடியவருக்கு முதலில் எதிர்ப்பட்டது ராணுவ இலாகா. 1885-ல் ஆப்கன் எல்லையில் ருஷ்யப் பீதி கிளம்பியபோது இந்தியச் சேனையில் சுமார் 30,000 பேர் கூட்டப்பட்டனர். பீதி போயிற்று; ஆட்கள் போகவில்லை. 1884-85-ல் 18 கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த ராணுவச் செலவு 1902-03-ல் 28 கோடியைத் தாண்டி, 1906-07 மதிப்பீட்டில் 33 கோடியை நெருங்கிவிட்டது. வெள்ளைச் சிப்பாய்களுக்குச் சம்பளம் கூட்டுவதென்று 1902-ல் சீமையில் தீர்மானித்துவிட்டு, வருஷத்துக்கு 7,86,000 பவுன் செலவை இந்தியாமீது ஏற்றினார்கள். அதன்மேல் கிச்சனர் பிரபுவின் சேனைச் சீரமைப்புத் திட்டம் வந்தது. ருஷ்யாவே 1905-ல் ஜப்பானிடம் தோற்று ஒடுங்கியிருக்க, ஜப்பானோ பிரிட்டனுக்கு நேசநாடாக இருக்க, யாரை எதிர்த்து இந்தச் சீரமைப்பு என்று கோகலே வினவினார். திட்டத்தை நிறுத்திவைத்து அப்பணத்தைப் பள்ளிக்கூடங்களுக்குத் திருப்பும்படி வற்புறுத்தினார். இத்தனை பணம் விழுங்கும் சேனையில் இந்தியன் ஒருவனாவது ராஜாவின் கமிஷன் பெற்ற அதிகாரியாக முடியாதிருந்ததையும், ஆயுதச் சட்டத்தால் ஜனங்கள் நிராயுதபாணிகளாக்கப்பட்டதையும் அவர் கண்டித்தார். தேச ஜனங்களை நம்பாத சேனைக்கு இரட்டிப்புச் செலவாகும் என்பதே அவர் வாதத்தின் உட்பொருள்.

1909-ல் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்து தீர்மானம் கொண்டுவரும் உரிமை கிடைத்தபோதும், ராணுவம், கடன் வட்டி, ரயில்வே முதலிய செலவினங்களைத் தீர்மானத்துக்கு உட்படாதபடி விதிகளிலேயே விலக்கிவிட்டார்கள். 1919-ம் வருஷச் சட்டத்திலும் ராணுவச் செலவு வோட்டுக்கு அப்பாற்பட்டதாகவே நின்றது. சுதந்திர பாரதத்தின் பார்லிமெண்டுக்கு அந்த வோட்டு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. கிடைத்ததை என்ன செய்கிறோம்? 2018-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ராணுவம் உட்பட எல்லா இலாகாக்களின் மானியக் கோரிக்கைகளும் லோக்சபையில், கூச்சலுக்கிடையே, விவாதமின்றிக் கில்லட்டின் முறையில் அரை மணி நேரத்துக்குள் நிறைவேறின. ஒரு வோட்டுமில்லாமல் வருஷமெல்லாம் கணக்குப் படித்துவந்த மனிதரை நினைக்கும்போது நமக்கு வெட்கமாயிருக்கிறது.

போலீஸ் விஷயத்துக்கு வருவோம். கர்ஸான் சர்க்கார் 1903-ல் உத்தியோக ரகசியச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தது. ராணுவ ரகசியங்களோடு சிவில் காரியங்களையும் அதில் அடக்கி, ரகசியம் வெளியிட்டதாகச் சந்தேகிக்கப்படுகிறவரை வாரண்டின்றிப் பிடிக்கவும் வழிவகுத்தார்கள். உத்தியோகஸ்தர்கள் தவறு செய்தால் அதை ஊருக்குத் தெரிவிக்கப் பத்திரிகைகளைத் தவிர வேறு சாதனமில்லாத நாட்டில் அந்தக் கண்ணையும் குத்திவிடுவதா என்று கோகலே கடுமையாக எதிர்த்தார். ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகளும் அம்மசோதாவை வெறுத்தன. சில மாற்றங்களோடு அது 1904 மார்ச்சில் சட்டமாயிற்று. 1907-ல் லாலா லஜபதி ராய் விசாரணையின்றி நாடு கடத்தப்பட்டதையும், அவ்வருஷக் கடைசியில் வந்த ராஜத்துரோகக் கூட்டச் சட்டத்தையும் அவர் சபையில் எதிர்த்து நின்றார். குற்றம் இன்னதென்று சொல்லாமலே ஒருவரைத் தூக்கிச் செல்லலாமென்றால் எந்த மனிதனும் போலீஸ் ரிப்போர்ட்டுக்குப் பணயமாகிவிடுவான் அல்லவா?

இவ்வளவு செய்தவர் 1910-ல் அச்சுச் சட்டத்தை எதிர்க்காமல் ஆதரித்துவிட்டார். பயங்கரக் கொலைகளால் மனம் கலங்கியிருந்ததும், புதிய சீர்திருத்தம் கெட்டுவிடக்கூடாதென்ற கவலையும் காரணங்களாயிருக்கலாம். காரணம் எதுவாயினும், அச்சட்டத்தின் ஜாமீன் தொகையால் பின்னர் நசுங்கிய பத்திரிகைகளின் நிலையில் நின்று பார்ப்பவர்க்கு அது அவருடைய பெரும் பிழையாகவே தோன்றும். ரகசியச் சட்டத்தை எதிர்த்த அதே வாதங்கள் இதற்கும் பொருந்தியிருந்தன.

உத்தியோகங்களைப் பற்றிய கேள்வியில் அவர் சலித்ததே இல்லை. இந்தியருக்குத் தாராளமாக இடம் தருகிறோமென்று காட்டக் கர்ஸான் சர்க்கார் 1904-ல் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட 1,370 உத்தியோகங்களில் இந்தியர் வசமிருந்தவை 92 என்பது அவர்களுடைய கணக்கிலேயே உண்டு. அடிவரிசையில் குமாஸ்தாக்களைக் கூட்டிக் காட்டும் மொத்தத் தொகையைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு சம்பளப் படியிலும் புதிதாக உண்டான ஸ்தானங்கள் யாருக்குப் போயின என்று பிரித்துப் பார்த்தார் கோகலே. மேலே போகப் போக இந்தியர் மறைந்துபோவது வெட்டவெளிச்சமாயிற்று. இது வேலை தேடும் பட்டதாரிகளின் வயிற்றுப் பிரச்னை மட்டுமன்று. அந்நியர் கற்ற அனுபவம் பென்ஷனோடு கப்பலேறிச் சீமைக்குப் போய்விடுகிறது. தேசத்துக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. இதுவே வெல்பி கமிஷன் நாள் முதல் அவர் கொண்ட எண்ணம்.

இடையில் 1905-ல் காசி காங்கிரஸில் தலைமை வகித்தார். அவ்வருஷமே இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அவருக்குப் பின் அச்சங்கத்தின் தலைமையை ஏற்றவர் நம் வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். 1911 ஜனவரியில், பெருகிவரும் பொதுச் செலவைப் பற்றி உத்தியோகஸ்தரும் அல்லாதாரும் கலந்த கமிட்டி பகிரங்கமாக விசாரிக்கவேண்டுமென்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அத்தகைய சிக்கனக் கமிட்டி இஞ்ச்கேப் பிரபுவின் தலைமையில் 1922-ல்தான் அமைந்தது. கட்டாய ஆரம்பக் கல்விக்காக அவர் கொண்டுவந்த மசோதா 1912 மார்ச் 19-ந் தேதி 13-க்கு 38 வோட்டுகளால் வீழ்ந்தது. பட்டாளத்துக்குக் கோடி கோடியாகக் கொடுத்த சர்க்காருக்கு அரிச்சுவடிக்குக் கொடுக்க மனமில்லை.

1912-ல் உத்தியோக விஷயத்தை ஆராய இஸ்லிங்டன் பிரபுவைத் தலைவராகக் கொண்டு ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டபோது கோகலேயும் அங்கத்தினரானார். சென்னையிலிருந்து நீதிபதி அப்துர் ரஹீமும் அதில் இருந்தார். நீரிழிவு நோய் கோகலேயின் உடலை அரித்துக்கொண்டிருந்தது. வைத்தியர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவரோ ஊர் ஊராகக் கமிஷனோடு சென்று, இந்தியர் பெரிய பொறுப்புக்குத் தகுதியற்றவரென்று சொல்லவந்த வெள்ளை உத்தியோகஸ்தர்களை வரிசையாகக் குறுக்கு விசாரணை செய்தார். பதினேழு வருஷங்களுக்கு முன் சாக்ஷிக் கூண்டில் நின்றவர் இப்போது கேள்வி கேட்கும் ஆசனத்தில் இருந்தார். 1914-ல் சர்க்கார் அளிக்க முன்வந்த ஸர் பட்டத்தை வேண்டாமென்றார்.

கமிஷன் வேலை முடியுமுன் 1915 பிப்ரவரி 19-ந் தேதி புனாவில் அவர் உயிர் நீத்தார். வயது நாற்பத்தெட்டு. அவர் இறந்த ஆறு மாதத்தில் கையெழுத்தான அறிக்கை, யுத்தத்தைக் காரணம் காட்டிப் பெட்டியில் வைக்கப்பட்டு, 1917 ஜனவரியில்தான் வெளியாயிற்று. அதில் இந்தியருக்கு ஒதுக்கிய பங்கு மிகச் சொற்பம். அப்துர் ரஹீம் தனியே மறுப்புரை எழுதினார்; கோகலே இருந்திருந்தால் அவர் எழுதியிருக்கக்கூடிய மறுப்புரையின் இடம் காலியாகவே இருந்தது.