ஆட்டிசத்தை அடையாளம் காட்டிய டாக்டரே அம்மாக்கள் மீது பழி விழக் காரணமானது எப்படி?

குழந்தை பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் வீட்டில் முதல் கேள்வி அம்மாவை நோக்கித்தான் வரும். நீ சரியா கவனிக்கலையா என்ற அந்தக் கேள்விக்கு, ஒரு காலத்தில் மருத்துவ உலகமே முத்திரை குத்திக் கொடுத்தது. அந்தக் கதையின் மையத்தில் இருப்பவர் லியோ கானர்.

1894-ல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில், இப்போது உக்ரைனில் இருக்கும் ஒரு சிற்றூரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லினில் மருத்துவம் படித்து, 1924-ல் அமெரிக்கா போனார். 1930-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவைத் தொடங்கினார். 1941-ல் அம்மாக்களுக்கு ஆதரவாக ஒரு புத்தகமே எழுதினார். ஆமாம், அதே கானர்தான்!

1938-ல் மிசிசிப்பியிலிருந்து டொனால்ட் என்ற ஐந்து வயதுச் சிறுவன் அவரிடம் வந்தான். வருவதற்கு முன்பே, வக்கீலான அவனுடைய அப்பா 33 பக்கக் கடிதம் அனுப்பியிருந்தார். பையனுக்கு அபார ஞாபகசக்தி. பொருட்களைச் சுழலவிட்டு மணிக்கணக்கில் ரசிப்பான். ஆனா, மனிதர்கள் பக்கம் திரும்பவே மாட்டான். தன்னைச் சொல்லும்போது நான் என்பதற்குப் பதில் நீ என்பான்.

இப்படி 11 குழந்தைகளைக் கவனித்து, 1943-ல் கானர் கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்ற சொல் ஏற்கெனவே மனச்சிதைவு நோய் தொடர்பாகப் புழக்கத்தில் இருந்ததுதான். அதைத் தனியொரு நிலைக்கு உரியதாக்கியது இந்தக் கட்டுரை. இது பிறவியிலேயே வருவது என்றே அதில் முடித்தார்.

சிக்கலும் அதே கட்டுரையில்தான் இருந்தது. இந்தப் பெற்றோரில் பாசத்தைக் காட்டுபவர்கள் குறைவு, எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள் என்றும் எழுதிவைத்தார். படிப்பும் வசதியும் உள்ளவர்களால்தான் அன்றைக்கு பால்டிமோர் வரை வர முடியும் என்பது வேறு விஷயம். 1949-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்தக் குழந்தைகள் ஃப்ரிட்ஜுக்குள் வைக்கப்பட்டவர்களைப் போல வளர்ந்தார்கள் என்றார். 1960-ல் டைம் இதழிலும் பெற்றோரைப் பற்றி இதே தொனிதான்.

உளப்பகுப்பாய்வு கொடிகட்டிப் பறந்த காலம் அது. ‘ஃப்ரிட்ஜ் அம்மா’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் அதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றானது. குழந்தையையும் பிரிந்து, குற்றவாளிப் பட்டத்தையும் சுமந்த அம்மாக்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்?

எதிர்ப்பு ஒரு அப்பாவிடமிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லேண்ட், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. காரணம் வளர்ப்பில் இல்லை, உடலில் இருக்கிறது என்று 1964-ல் அவர் எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை கொடுத்தவர் கானர். 1969-ல் வாஷிங்டனில் நடந்த பெற்றோர் சங்கக் கூட்டத்தில், பெற்றோர் மீது குற்றமில்லை என்று கானர் வெளிப்படையாக அறிவித்தார். கூடவே, தான் ஆரம்பத்திலிருந்தே பிறவிக் காரணம் என்றுதான் சொன்னதாகவும், மற்றவர்கள்தான் திரித்துவிட்டார்கள் என்றும் சொன்னார். 1943 கட்டுரையை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரி. 1949-ஐயும் 1960-ஐயும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது.

1977-ல் இரட்டையர்களை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியது. 1981-ல் கானர் இறந்தார்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், அந்த 11 பேர் என்ன ஆனார்கள் என்று அவர் தேடிப் பார்த்து எழுதினார். அரசு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறனையும் இழந்து முடங்கியிருந்தார்கள். டொனால்ட் கல்லூரியில் பட்டம் வாங்கி, சொந்த ஊர் வங்கியில் கேஷ் கவுண்டரில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார். இந்தத் தகவலை கானருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பியவர், டொனால்டின் அம்மா.