செங்கல் சுட்ட வாத்தியார்

தோட்டத்தில் பிறந்த பிள்ளை வாத்தியார் ஆவதே பெரிய காரியம். வாத்தியார்களை உண்டாக்கும் பள்ளியையே கட்டிய தோட்டத்துப் பிள்ளை ஒருவர் இருந்தார். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டன்தான் அவர்.

1856-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தார். தாயார் தோட்டத்துச் சமையற்காரி. 1865-ல் விடுதலை கிடைத்தும் உப்புச் சூளையும் நிலக்கரிச் சுரங்கமும்தான் சிறுவனுக்கு வாய்த்தன. 1872-ல், சுமார் 500 மைல் தூரம் நடந்தும் வண்டி பிடித்தும் ஹாம்ப்டன் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். நுழைவுப் பரீட்சை என்ன தெரியுமா? ஒரு அறையைப் பெருக்கச் சொன்னார்கள்! மூன்று தரம் பெருக்கினார், இடம் கிடைத்தது. துப்புரவு வேலை பார்த்தே படித்து முடித்தார்.

1881-ல் அலபாமா மாநிலத்து டஸ்கீகி ஊரில், கறுப்பின மக்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை நடத்த அவரை அழைத்தார்கள். அரசாங்கம் கொடுத்தது ஆண்டுக்கு 2,000 டாலர். அதுவும் சம்பளத்துக்கு மட்டும். நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. 30 மாணவர்களோடு ஓட்டைக் கொட்டகையில் பாடம் தொடங்கியது. மழை வந்தால் ஒரு மாணவன் எழுந்து வாத்தியாருக்குக் குடை பிடிப்பானாம்.

பிறகு, கைவிடப்பட்ட தோட்டம் ஒன்று 500 டாலருக்கு வந்தது. பாதிப் பணம் கடன். காட்டை வெட்ட வாத்தியாரே கோடாரி தூக்கினார். மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை, பெற்றோரும் முணுமுணுத்தார்கள். மண்வெட்டி பிடிக்கவா படிக்க அனுப்பினோம் என்பது அவர்கள் மனக்குறை. நாமும் அப்படித்தானே நினைப்போம்? ஆனால், உழவர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறவன் மண்ணையும் கைத்தொழிலையும் அறிந்திருக்க வேணும் என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

கட்டடத்துக்குச் செங்கல்லும் மாணவர்களே சுட்டார்கள். மூன்று சூளை பாழாய்ப் போச்சு. கையில் காசில்லை. தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நாலாவது சூளை போட்டார். அது நன்றாக வெந்தது. கடிகாரம்தான் திரும்பி வரவில்லை. உடன் பணியாற்றிய ஒலிவியா டேவிட்சன் அம்மையார் வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டினார்.

கைத்தொழிலை முன்னிறுத்தி, ஓட்டுரிமையை வெளிப்படையாகக் கேட்காமல் விட்டார் என்று டு பாய்ஸ் போன்றோர் அவரைக் கண்டித்தார்கள். அதில் நியாயம் உண்டு என்பதே நம் எண்ணம். ஆனாலும் உரிமை வழக்குகளுக்கு அவர் இரகசியமாகப் பணம் கொடுத்ததையும் சொல்லத்தான் வேணும்.

1915-ல் அவர் காலமானபோது அங்கே 100-க்கு மேற்பட்ட கட்டடங்கள், சுமார் 1,500 மாணவர்கள். பள்ளி வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.