பெப்லோ அம்மையார்

மனநோயாளரைப் பூட்டிவைத்துக் காவல் காப்பதே செவிலியர் கடமை எனப் பலர் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. 1909ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் குடியேறிய எளிய குடும்பமொன்றில் பிறந்தார் ஹில்டகார்டு பெப்லோ. 1931இல் செவிலியரானார், இரண்டாம் உலகப் போரின்போது, உள்ளம் நைந்த வீரர்க்கு இங்கிலாந்தில் தொண்டாற்றினார். நோயாளியோடு செவிலி அமர்ந்து உரையாடி வளர்க்கும் உறவும் ஒரு மருந்தே என்பது அம்மையார் ஆராய்ந்து கண்ட உண்மை. அதனை விளக்கும் நூலை 1948இல் எழுதி முடித்தார். ஆனால், மருத்துவர் ஒருவர் பெயரின்றிச் செவிலி தனித்து நூல் எழுதுவதா எனத் தயங்கினர் பதிப்பாளர். என்னே அக்காலத்து வழக்கம்! நான்காண்டுகள் அச்சேறாது கிடந்த அந்நூல், 1952இல் அம்மையார் பெயர் ஒன்றையே தாங்கி வெளிவந்தது. 1954 முதல் இருபதாண்டுகள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி புரிந்து, மனநலச் செவிலியர்க்கென முதுநிலைப் படிப்பை நிறுவினார். நோயாளியுடன் பேசியவற்றை மாணவியர் எழுதிவரல் வேண்டும். அவ்வேட்டினை வைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். 1999இல் அம்மையார் மறைந்தார்.